தேக்கஞ்சருகுக்குத் தீ வைக்கிறீங்களா? ஒரு நிமிஷம்!

பொங்கல் கரும்பு காலியாகி பத்து நாள் ஆகியிருக்கும். மதுரையிலிருந்து மேலூர் பக்கமோ, நத்தம் ரோட்டிலோ, வாடிப்பட்டி தாண்டியோ பைக்கை விட்டுப் பாருங்க. நெல் அறுத்த வயல்களுக்கு நடுவில் அங்கங்கே தேக்குத் தோப்புகள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தரையெல்லாம் முறம் முறமாகச் சருகு. காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். கொஞ்சம் தள்ளிப் போனால் புகை வாசம் வரும். யாரோ ஒரு பெரியவர் சருகைக் குவித்துத் தீ வைத்துவிட்டு, கையில் ஒரு பச்சைக் கிளையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

ஏன்னு கேட்டால் ரெண்டு பதில் ரெடியாக இருக்கும். "தோப்பு சுத்தமா இருக்கணும்ல தம்பி." அடுத்தது, "சாம்பலும் உரம்தானப்பா!"

ரெண்டாவது பதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் பிரச்னையே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தோப்பு இருக்கலாம். தாத்தா நிலம், தண்ணீர் பத்தலை, பார்க்க ஆள் இல்லை, 'தேக்கு வெச்சா இருபது வருஷத்துல நிக்கும்' என்று அப்பா கன்று நட்ட கதை மதுரை மாவட்டத்தில் ஊருக்கு நாலு இருக்கும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 கன்று. அப்புறம் அந்தத் தோப்புக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் போவார்கள். போகிற அந்த ஒரு நாளிலும் செய்கிற வேலை, தீ வைப்பது. மரம் தனக்காகப் போட்டு வைத்த சாப்பாட்டை நாம் போய் எரித்துவிட்டு வருகிறோம். எப்படின்னு பார்ப்போம்.

பெயரிலேயே இருக்கு பதில்

உரக்கடையில் என்.பி.கே என்று கேட்பதை நம் விவசாயிகள் தமிழில் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? நைட்ரஜன் என்றால் தழைச்சத்து. பாஸ்பரஸ், மணிச்சத்து. பொட்டாசியம், சாம்பல் சத்து. இந்த மூன்று பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், பாதி பாடம் முடிந்தது.

இலையை எரித்தால் சாம்பலில் தங்குவது சாம்பல் சத்து. சருகு எரிகிற சூட்டில் பொட்டாசியம் பெரும்பாலும் ஆவியாவதில்லை. அதற்கு 700 டிகிரிக்கு மேல் வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தில் பெரும்பகுதியும் சாம்பலில் மிஞ்சும். ஆனால், தழைச்சத்து சுமார் 200 டிகிரியிலேயே வாயுவாகக் கிளம்ப ஆரம்பித்துவிடும். அதாவது, நீங்கள் பார்க்கிற அந்தப் புகையில் போவது தழைச்சத்து. கூடவே கந்தகமும் போகும். எல்லாவற்றையும்விட முக்கியமான கரிமமும் அதே புகையில் போகும். ஆக, பெரியவர் சொன்னது தப்பில்லை, சாம்பல் உரம்தான். மூன்று சத்தில் ஒரு சத்துக்கும் அடுத்ததில் பெரும்பகுதிக்கும் மட்டும். அந்தச் சாம்பலும் ஒரு காற்றடித்தால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும், ஒரு கோடை மழை பெய்தால் ஓடைக்குப் போய்விடும்.

சரி, இதில் எவ்வளவு நஷ்டம்? ஒரு கணக்குப் போடுவோம். தோப்பில் 1 டன் காய்ந்த சருகு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த தேக்கிலையில் தழைச்சத்து தோராயமாக ஒரு சதவிகிதம். அப்படியானால் 10 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவிகிதம். 10 கிலோ தழைச்சத்துக்கு ஏறக்குறைய 22 கிலோ யூரியா வேண்டும், 45 கிலோ மூட்டையில் பாதி.

'அரை மூட்டை யூரியாவா? மானிய விலையில நூத்தி சொச்சம் ரூபாய்தானே!' என்று உங்கள் அப்பா சிரிப்பார். நியாயம்தான். யூரியா விலையை வைத்துப் பேசினால் சருகு தோற்றுத்தான் போகும். ஆனால், அந்த மூட்டையில் இல்லாத ஒன்று சருகில் இருக்கிறது. மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் அங்ககக் கரிமம். தமிழ்நாட்டு மண்ணில் இது 1971-ல் 1.20 சதவிகிதமாக இருந்து, 2002-ல் 0.68 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது என்பது வேளாண்மைத் துறையினர் அடிக்கடி எடுத்துச் சொல்லும் கணக்கு. மேலூர்ப் பக்கத்துச் செவ்வலாக இருந்தாலும் சரி, திருமங்கலம் கரிசலாக இருந்தாலும் சரி, வெயில் காயும் நம் ஊர் மண்ணுக்கு இந்தக் கரிமத்தைக் கடையில் வாங்கிப் போட முடியாது. டன் கணக்கில் தொழுவுரம் அடிக்கணும். இன்றைக்கு எத்தனை வீட்டில் மாடு இருக்கிறது?

விழுந்த இலைக்கு என்ன நடக்கிறது?

முதல் விஷயம், மரம் ஒரு கஞ்சன். இலையை அப்படியே தூக்கி எறியாது. பச்சை மங்கி மஞ்சளாகும்போது, இலையில் இருக்கிற தழைச்சத்து, மணிச்சத்து இரண்டிலும் சுமார் பாதியைத் திரும்ப உறிஞ்சி கிளையில் பதுக்கிக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்தை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, அது இலையின் சுவரோடு சுவராக ஒட்டிப்போனது. தேக்கு சுண்ணாம்புச் சத்தை விரும்புகிற மரம். அதனால் உதிர்ந்த தேக்கிலையில் அது நிறையவே இருக்கும். வேர் ஆழத்திலிருந்து உறிஞ்சி எடுத்த சுண்ணாம்பை மேல்மண்ணுக்குக் கொண்டுவந்து போடுகிற வேலை இது.

அடுத்து மழை. முதல் மழையில் சருகு நனைந்து டிக்காஷன் மாதிரி பழுப்புத் தண்ணீர் இறங்கும். பொட்டாசியம் இலைக்குள் எதோடும் ஒட்டாமல் கரைந்த நிலையில் இருப்பதால், ஒரு சில நல்ல மழையிலேயே பெரும்பகுதி மண்ணுக்குப் போய்விடும். பாருங்க, சாம்பல் சத்து வேணும்னா தீயே தேவையில்லை, தண்ணியே போதும்!

மூன்றாவது கட்டம்தான் சுவாரஸ்யம். பூஞ்சையும் பாக்டீரியாவும் சருகுக்குள் இறங்கும். அவற்றுக்குச் சருகு ஒரு பெரிய சோற்றுக் குவியல். கரிமம் ஏராளம், ஆனால் தொட்டுக்கொள்ளத் தழைச்சத்து பத்தாது. பத்தாததை எங்கிருந்து எடுக்கும்? சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து. அதாவது, மட்க ஆரம்பிக்கும் சருகு முதலில் சத்தைக் கொடுக்காது, கடன் வாங்கும்! கரிமமும் தழைச்சத்தும் 25-க்கு 1, 30-க்கு 1 என்கிற விகிதத்துக்கு இறங்கிய பிறகுதான் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். இது தெரியாமல் கன்று நடும் குழிக்குள் காய்ந்த சருகை அள்ளிப் போட்டு மண்ணோடு கலந்துவிட்டு, 'கன்னு ஏன் மஞ்சளடிக்குது?' என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. சருகுக்கு ஏற்ற இடம் மண்ணின் மேல். குழிக்குள் போடுவதாக இருந்தால் நன்றாக மட்கியதைப் போடுங்கள்.

கடைசியில் மிஞ்சுவது லிக்னின். மரத்துக்குக் கெட்டித்தன்மை கொடுக்கிற அதே பொருள்தான் இலை நரம்பிலும் இருக்கிறது. தேக்கிலையின் மற்ற பாகமெல்லாம் போய், நரம்பு மட்டும் சல்லடை மாதிரி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை உடைக்கத் தெரிந்தவை சில பூஞ்சைகள் மட்டுமே. அதுவும் நிதானமாகத்தான்.

நம்ம ஊர் டைம்டேபிள் வேற

மலபார் கலெக்டராக இருந்த கனோலி, 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அங்கே கோடையில் விழுந்து கிடக்கிற சருகு, ஜூன் மாசம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து, தொடர்ந்து ஈரத்திலேயே கிடந்து மட்கும்.

மதுரையில்? நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தேக்கு இலையைக் கொட்டுவதோ அந்த மழையெல்லாம் முடிந்த பிறகு, தை, மாசியில். ஈரம் போன மண்ணில் விழுகிற இலை, பங்குனி, சித்திரை வெயிலிலும் அக்னி நட்சத்திரத்திலும் அப்படியே வறுபட்டுக் கிடக்கும். நடுவில் ஒரு கோடை மழை, ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை என்று விட்டுவிட்டு நனையும். முழு வேகத்தில் மட்குவது ஐப்பசியில்தான். அதனால், 'ஆறு மாசமாச்சு, மக்கவே இல்லையே' என்று தோன்றுவது இயல்பு. அது மட்காமல் இல்லை, காத்துக்கிட்டு இருக்கு.

இந்த இடைவெளியில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒன்று, கரையான். ஈரமான ஊரில் மண்புழு பார்க்கிற வேலையில் பெரும்பங்கை வறண்ட நிலத்தில் கரையான்தான் பார்க்கிறது. புற்றுக்குள் ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டு, மே மாத வெயிலிலும் சருகைக் கத்தரித்துக் கொண்டுபோகும். இன்னொன்று, வெயிலே! அர்ஜென்டினாவின் படகோனியா வறள்நிலத்தில் செய்த ஓர் ஆய்வு 2006-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அங்கே சருகு சிதைவதில் நுண்ணுயிரிகளைவிடச் சூரிய ஒளிக்குத்தான் பெரிய பங்கு என்று அது சொன்னது. கேட்க நன்றாக இருந்தாலும், நமக்கு இது நல்ல செய்தி இல்லை. வெயில் சிதைக்கிற கரிமம் மண்ணுக்குள் போகாமல் நேராகக் காற்றுக்குப் போகிறது. மதுரை வெயிலில் சருகைச் சும்மா பரப்பி வைப்பதைவிட, மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி குவித்தோ, மேலே கொஞ்சம் மண் தூவியோ வைப்பது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா இலையும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குமிழ், மலைவேம்பு, புங்கம் இலைகள் மெல்லியவை, சீக்கிரம் மட்கும். வேம்பும் அப்படித்தான். தேக்கு நடுத்தரம். தைலமரத்து இலை தடிமனானது, எண்ணெய்ப் பசை உள்ளது, பூஞ்சைகளுக்குப் பிடிக்காத பொருள்கள் நிறைந்தது. சவுக்கு ஊசிகள் மெத்தை மாதிரி சேர்ந்துகொண்டே போகும். இத்தனைக்கும் சவுக்கின் வேரில் தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடிக்கும் நுண்ணுயிரி குடியிருக்கிறது! தேக்கு மட்டுமே நட்ட தோப்பில் வரப்போரமாகக் கிளைரிசிடியாவும் புங்கமும் வைத்து, அந்தத் தழையை வெட்டிச் சருகின் மேல் போட்டால், நுண்ணுயிரிகள் மண்ணில் கடன் வாங்க வேண்டிய தேவை குறையும். நடுவில் கொழுஞ்சி விதைத்தாலும் சரி. ஒருமுறை போட்டால் தானாக முளைக்கும், ஆடும் அவ்வளவாகக் கடிக்காது.

அள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும்?

இதற்கு ஜெர்மனி ஒரு பெரிய உதாரணம். அங்கே விவசாயிகள் மாட்டுக்கொட்டகையில் பரப்புவதற்காகக் காட்டுச் சருகைத் தலைமுறை தலைமுறையாக வாரிக்கொண்டு போனார்கள். வயலுக்கு எரு கிடைத்தது, காடு மெலிந்தது. மரங்கள் வளர்ச்சி குன்றி நின்றன. பவேரியாவில் எர்ன்ஸ்ட் எபர்மையர் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்து, காட்டுச் சருகைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். வருஷம் 1876. சருகு என்பது காட்டின் உரம் என்று சோதனைச்சாலைக் கணக்கோடு சொன்ன ஆரம்பகாலப் புத்தகங்களில் அது ஒன்று. அங்கே நடந்ததை நாம் வேகமாகச் செய்கிறோம், அவ்ளோதான். அவர்கள் வாரி வயலிலாவது போட்டார்கள்.

இன்னொரு நஷ்டம் இருக்கிறது. இதைச் சொன்னால் அப்பாக்கள் உடனே காது கொடுப்பார்கள். தேக்கில் விலை போவது அடிமரம். தரைத் தீ லேசாக எரிந்து அணைந்ததுபோல் தெரிந்தாலும், இளமரத்தின் அடிப்பட்டையைச் சுட்டுவிட்டால் உள்ளே இருக்கிற வளரும் திசு அந்த இடத்தில் செத்துப்போகும். பட்டை வெடித்துக் காயமாகும். அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சையும் கரையானும் உள்ளே போகும். பதினைந்து, இருபது வருஷம் கழித்து வியாபாரி வந்து அடியைத் தட்டிப் பார்த்து, 'அண்ணே, உள்ள பொந்தா இருக்கு' என்று விலையைக் குறைக்கும்போது, என்றைக்கோ கிழித்த ஒரு தீக்குச்சி யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அப்போ பாம்பு வந்தா?

நியாயமான பயம்தான், கேலி செய்ய ஒன்றுமில்லை. சருகுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் காலை வைக்க யாருக்கும் மனசு வராது. அதேபோல, காய்ந்த சருகு தீப்பிடிக்கும் பண்டம். ரோட்டில் போகிறவர் தூக்கிப் போடும் ஒரு பீடி போதும். அதனால் 'ஒன்றும் செய்யாதீங்க, அப்படியே விடுங்க' என்று சொல்ல மாட்டேன். அது ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்கிற யோசனை.

தோப்பைச் சுற்றி 10 அடி அகலத்துக்குச் சருகே இல்லாமல் வழித்து வைக்கலாம். வெளியிலிருந்து தீ வந்தால் அங்கேயே நிற்கும். உள்ளே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நடைபாதையாகச் சுத்தம் செய்து, அந்தச் சருகை அடுத்த இடைவெளிக்குத் தள்ளுங்கள். நடக்கிற இடம் கண்ணுக்குத் தெரியும், மற்ற இடத்தில் சருகு இரட்டிப்பாகச் சேரும். மரத்தடியை ஒட்டி ஓர் அடிக்கு மட்டும் வெறுமையாக விட்டால் கரையான் பட்டையில் ஏறுவது குறையும். கையில் ஆள் இருந்தால், நிலச் சரிவுக்குக் குறுக்கே, மரத்திலிருந்து மூணடி தள்ளி, ஓர் அடி ஆழத்தில் சின்னச் சின்னக் குழி வெட்டி, சருகை நிரப்பி மிதித்து, சாணிக்கரைசல் தெளித்து மண்ணைப் போட்டு மூடுங்கள். மழைத் தண்ணீரும் அங்கே நிற்கும், சருகும் சீக்கிரம் மட்கும். சாணியில் இருக்கிற தழைச்சத்து நுண்ணுயிரிகளுக்கு முதல் கைமாத்து. கூலியைப் பார்த்தால் தீக்குச்சிதான் மலிவு, ஒத்துக்கொள்கிறேன். ஒரே வருஷத்தில் முழுத் தோப்பையும் செய்ய வேண்டாம், வருஷத்துக்கு நாலு வரிசை போதும்.

தோப்பு, துரவு எதுவும் இல்லாத சிட்டி ஆளா நீங்க? உங்கள் தெருவிலும் வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் இலையைக் கொட்டும், காலையில் கூட்டிக் குவித்துக் கொளுத்தும் புகை ஜன்னல் வழியாக வரும். திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. எரிக்காமல் லாரியில் ஏற்றினால் அது வெள்ளைக்கல் குப்பைக்கிடங்குக்குப் பயணம் போகும். வேப்பஞ்சருகு சீக்கிரம் மட்குகிற ரகம். ஒரு பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு, சருகு ஒரு அடுக்கு, அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் ஒரு அடுக்கு என்று போட்டு வந்தால், மாடித் தொட்டிக்கு மண் வாங்கும் காசு மிச்சம்.

நீங்களே சோதிச்சுப் பாருங்க

விஞ்ஞானிகள் இலை எவ்வளவு வேகத்தில் மட்குகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதையும் வைத்திருக்கவில்லை. வலைப் பைதான்! எடை போட்ட சருகை நைலான் வலைப் பையில் போட்டுத் தரையில் வைத்து, மாதாமாதம் ஒரு பையை எடுத்துக் காயவைத்து மறுபடி எடை பார்ப்பார்கள். 1950-களிலிருந்து உலகம் முழுக்க இதுதான் முறை. 2013-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இன்னும் எளிமையாக்கி, கடையில் கிடைக்கும் கிரீன் டீ பையையும் ரூய்போஸ் டீ பையையும் மண்ணுக்குள் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, மூன்று மாதம் கழித்து எடை பார்க்கச் சொன்னார்கள். பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள்.

நமக்கு டீ பை வேண்டாம். வீட்டில் கிழிந்த கொசுவலை இருக்கும். கையகலத்துக்கு எட்டுப் பை தைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்த தேக்கஞ்சருகை நொறுக்காமல் கிழித்து நாலு பையில் 20 கிராம் வீதம், வேப்பஞ்சருகு நாலு பையில் 20 கிராம் வீதம். கிச்சன் தராசு போதும். மாசியில் மரத்தடியில் வைத்து, ஆணி அடித்துக் கட்டிவிட்டு, போனில் ஒரு போட்டோ எடுத்துத் தேதியைக் குறித்து வையுங்கள். சித்திரையில் ரகத்துக்கு ஒரு பை, ஆவணியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, மார்கழியில் கடைசி. ஒவ்வொரு முறையும் மண்ணைத் தட்டி, காயவைத்து, எடை போட்டு எழுதுங்கள்.

சித்திரையில் திறக்கும்போது ஏமாற்றமாக இருக்கும். எடை பெரிதாக மாறியிருக்காது. அப்பா பக்கத்தில் நின்றால், 'நான்தான் சொன்னேன்ல' என்பார். மார்கழிப் பைகளை மட்டும் அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள்.